அவசர சிகிச்சையும் நுண்கதிர்ப் பிரிவும்

புதுடெல்லியில் பிர்லா மந்திரால் பெயர் பெற்ற சாலை மந்திர் மார்க். அதற்குச் சிறிது தொலைவில், மத்திய அரசின் நிர்வாகத்தில் உள்ள டாக்டர் ராம் மனோகர் லோகியா மருத்துவமனை அமைந்துள்ளது. 1932ஆம் ஆண்டில் வில்லிங்டன் மருத்துவமனை என்ற பெயரில் தோன்றி, 1970களில் இன்றைய பெயரைப் பெற்றது இது. இத்தகைய பெரிய அரசு மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகள் இரவிலும் ஓய்வதில்லை. சாலை விபத்தில் தலையில் அடிபட்டவர், பக்கவாதத்தால் திடீரெனப் பேச்சிழந்தவர், மூச்சுத் திணறுபவர் என யார் வந்தாலும், அடுத்து என்ன செய்வது என்பதைப் பெரும்பாலும் ஒரு படமே தீர்மானிக்கிறது. 2022இல் மட்டும் நாட்டில் சாலை விபத்துகளில் மாண்டோர் 1,68,491 பேர் என்பதை நினைவிற்கொண்டால், அப்படத்தைக் குறித்த நேரத்தில், பிழையின்றித் தருவது எத்துணை இன்றியமையாதது என்பது விளங்கும்.

1971இல் லண்டனில் முதல் நோயாளிக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது. அதற்கு முன்னர் மண்டையோட்டின் உட்புற இரத்தக்கசிவை நேரடியாகக் காண வழியில்லை. இன்று மாவட்டத் தலைமை மருத்துவமனைகள் பலவற்றிலும் இக்கருவி உண்டு. எனவே தரம் என்றவுடன் மேலும் ஒரு கருவி வாங்குவதையே நிர்வாகிகள் எண்ணுகின்றனர். ஆனால் குறை பல வேளைகளில் கருவியில் இல்லை. நோயாளி வாயிலை அடைந்த கணத்திற்கும், படத்தின் முடிவு சிகிச்சை அளிக்கும் மருத்துவரின் காதில் விழும் கணத்திற்கும் இடைப்பட்ட சங்கிலியில் உள்ளது.

பக்கவாதத்தை எடுத்துக்கொள்வோம். மூளையின் பெரிய இரத்தக்குழாய் அடைபட்டால் நிமிடத்திற்குச் சுமார் 19 இலட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்பது மதிப்பீடு. அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள் செலுத்திவிட வேண்டும். ஆனால் பக்கவாதம் இரத்தக்கசிவால் நேர்ந்ததாயின் அதே மருந்து உயிருக்கே ஆபத்தாகும். இரண்டையும் பிரித்தறிய சி.டி. ஸ்கேன் தேவை. ஆகவே ஸ்கேன் அறையின் வாயிலில் கழியும் ஒவ்வொரு நிமிடமும் நோயாளியின் கணக்கில் இழப்பாகவே பதிவாகிறது.

காத்திருப்பின் கணக்கு

இங்கே பொருளாதார மாணவர்கள் கருதத்தக்க ஒன்று உண்டு. விலையுயர்ந்த கருவி ஓய்வின்றி இயங்கினால் அது சிக்கனம் என்பது தணிக்கையாளரின் இயல்பான எண்ணம். முன்னறிவிப்பின்றி நோயாளிகள் வரும் இடத்தில் இது பொருந்தாது. ஒரு கருவி, ஒரு ஸ்கேனுக்குச் சராசரியாகப் பதினைந்து நிமிடம் எனக் கொண்டு, வரிசைக் கோட்பாட்டின் எளிய சூத்திரத்தின்படி கணக்கிட்டால், கருவியின் திறனில் 60 விழுக்காடு பயன்படும்போது சராசரிக் காத்திருப்பு சுமார் 22 நிமிடம். 90 விழுக்காட்டில் அது 135 நிமிடமாகிறது. பயன்பாடு ஒன்றரை மடங்கு, காத்திருப்போ ஆறு மடங்கு! அவசரப் பிரிவில் கருவி சிறிது நேரம் சும்மா இருப்பதை வீண்செலவு எனக் கருதலாகாது.

வரிசையைக் குறைக்க இரு வழிகள் உள்ளன. முதலாவது, மிக நெருக்கடியானவரை முந்தி அனுப்புவது. மற்றது, தேவையற்ற ஸ்கேன்களைத் தவிர்ப்பது. தலைக்காயத்தில் யாருக்கு ஸ்கேன் தேவை என்பதை முடிவுசெய்யக் கனடாவில் வகுக்கப்பட்டு 2001இல் வெளியான விதிமுறை பல நாடுகளில் பயன்படுகிறது. இதில் மற்றொரு நன்மையும் உண்டு. வயிற்றுக்கு எடுக்கும் ஒரு சி.டி. ஸ்கேனின் கதிரளவு, இயற்கைச் சூழலிலிருந்து ஒருவர் ஆண்டு முழுவதும் பெறும் அளவைவிடப் பொதுவாக அதிகம். குழந்தைகள், கருவுற்ற பெண்கள் விஷயத்தில் இரட்டிப்பு எச்சரிக்கை வேண்டும். 1983இல் நிறுவப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் கருவிகளுக்கு உரிமம் வழங்குகிறது. அவற்றின் தரச் சோதனையையும் ஊழியர்களின் கதிரளவுக் கண்காணிப்பையும் வலியுறுத்துகிறது. ஆயினும் தேவையற்ற படத்தை எந்த உரிமமும் தடுக்காது.

படித்தறிதலும் தெரிவித்தலும்

படம் எடுத்த பின்னரே கடினமான பகுதி தொடங்குகிறது. இரவுப் பணியில் பெரும்பாலும் பயிற்சி மருத்துவரே படத்தைப் படிக்கிறார். மறுநாள் காலை மூத்த நுண்கதிர் மருத்துவர் மீண்டும் பார்க்கிறார். இரு கருத்துகளும் சில வேளை வேறுபடும். இவ்வேறுபாடுகளைத் தண்டிக்கும் நோக்கின்றிப் பதிவுசெய்து மாதந்தோறும் கலந்தாய்வதே பிழைகளைக் குறைக்கும் வழி. தண்டனை அஞ்சும் இடத்தில் பதிவேடு வெறுமையாகவே இருக்கும். கோரிக்கைப் படிவமும் கவனத்திற்குரியது. “வயிற்று வலி” என்ற இரு சொற்களை மட்டும் கண்டு படிப்பவருக்கு, வலி எங்கே, எப்போது தொடங்கியது என்பது தெரியாது.

2015இல் தொடங்கிய இலவசப் பரிசோதனைத் திட்டத்தின் கீழ், தொலைவிலிருந்தே படங்களைப் படித்தறியும் சேவை பல மாநிலங்களில் வந்துள்ளது. நுண்கதிர் மருத்துவர் இல்லாத ஊர்களுக்கு இது பெரும் உதவி. தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், விபத்துக்குள்ளானோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கிறது. பணத்திற்காக ஸ்கேன் தாமதமாகும் நிலையை இது மாற்றுகிறது. ஆனால் தொலைவிலிருந்து வரும் அறிக்கை கணினியில் கிடந்தால் பயனில்லை. மூளையில் இரத்தக்கசிவு, நுரையீரலை அழுத்தும் காற்று போன்றவற்றைக் கண்டவுடன் தொலைபேசியில் தெரிவித்து, யார், யாரிடம், எத்தனை மணிக்குச் சொன்னார் என எழுதிவைக்க வேண்டும். இதற்குத் தேவை ஒரு பதிவேடும் பழக்கமும் மட்டுமே.

காலையில் கண்டறியப்படும் எலும்பு முறிவுக்குரியவர் இரவே வீடு திரும்பியிருக்கலாம். அவர் வெளிமாநிலத்திலிருந்து வந்த கூலித் தொழிலாளியாகவும் இருக்கலாம். ஆகையால் பதிவு மேசையில் எழுதப்படும் தொலைபேசி எண்ணை, நோயாளி வெளியேறுமுன் ஒருமுறை அழைத்துச் சரிபார்ப்பதும் நுண்கதிர்ப் பிரிவின் தரத்தைச் சேர்ந்ததே.