தந்தை பெயர் குடும்பப் பெயரான கதை: மரபணு சொல்வதும் சொல்லாததும்

அந்நிய மண்ணில் நாம் நிரப்பிய முதற் படிவத்திலேயே நம்மைத் திகைக்க வைத்த ஒரு கட்டம் இருந்தது: குடும்பப் பெயர். நம்மவரில் பெரும்பாலோர்க்கு அப்படியொன்று இல்லை. தந்தையின் பெயர் முன்னே, தன் பெயர் பின்னே என்பதே நம் வழக்கு. மகன் தந்தையாகும்போது முன்னெழுத்தும் மாறிவிடும். ஆயினும் கட்டத்தை வெறுமையாக விடலாகாது என்றமையால் எதையோ எழுதினோம். உடன்பிறந்தார் இருவரில் ஒருவர் தந்தை பெயரையும் மற்றவர் தம் பெயரையும் எழுதியமையால், அவர்தம் பிள்ளைகள் வெவ்வேறு குடும்பத்தவராய்ப் பதிவான வீடுகளும் உண்டு.

அப்பிள்ளைகள் இன்று வளர்ந்து, தம் பெயரின் வேரைத் தேடுகின்றனர். சிலர் உமிழ்நீரைக் குப்பியிலிட்டு மரபணுச் சோதனைக்கு அனுப்புகின்றனர். அச்சோதனையின் ஆற்றலையும் எல்லையையும் நாம் அறிந்திருத்தல் நன்று.

பெயரையும் மரபணுவையும் இணைத்துப் பார்த்த முன்னோடி ஆய்வொன்றை ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரயன் சைக்ஸ் 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார். தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்வது வை நிறமூர்த்தம். இங்கிலாந்தில் குடும்பப் பெயரும் அவ்வழியே செல்வது. எனவே தம் பெயரையே தாங்கிய ஆண்கள் பலரின் வை நிறமூர்த்தத்தை அவர் ஒப்பிட்டார். சைக்ஸ் என்பது யோர்க்ஷயர் பகுதியில் சிற்றோடையைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த பெயர். ஓடைகள் பல, ஆதலால் அப்பெயருக்கு மூதாதையரும் பலர் என்றே ஏடுகள் கருத வைத்தன. ஆனால் சோதிக்கப்பட்டோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஒரே வகை நிறமூர்த்தத்தைக் கொண்டிருந்தனர். ஒரு மூதாதையே அப்பெயரின் தொடக்கம் என்ற முடிவுக்கு அது இட்டுச் சென்றது. ஏனையோரின் வேறுபாட்டுக்கு, எழுநூறு ஆண்டுகளில் தலைமுறைக்கு நூற்றுக்கு 1.3 வீதம் தந்தை வழி மாறியிருத்தல் போதுமான விளக்கமாகும் எனவும் கணிக்கப்பட்டது.

இம்முறை நமக்குப் பொருந்துமா? பெயரும் நிறமூர்த்தமும் எழுநூறு ஆண்டு சேர்ந்து நடந்தமையாலேயே அங்கு ஒன்று மற்றதற்குச் சான்றாயிற்று. நம்மிடம் நிறமூர்த்தம் தொடர, பெயர் தலைமுறைதோறும் மாறியது. இன்றும் தந்தை பெயர் வழக்கையே கைக்கொள்ளும் ஐஸ்லாந்து மக்களின் நிலையும் இதுவே. ஆகவே நம் பெயரின் வரலாற்றை உமிழ்நீரில் தேடுதல் வீண். தாய்வழியே இறங்கும் இழைமணி மரபணு பாட்டியரின் நெடுந்தொடரைக் காட்டும். அவர்களுள் ஒருவரின் பெயரையேனும் அது சொல்லாது. நிறுவனங்கள் தரும் நூற்றுவீதக் கணக்கும் அவர்களிடமுள்ள ஒப்பீட்டு மாதிரிகளைப் பொறுத்தது. மாதிரிகள் பெருகப் பெருக அதே மனிதரின் கணக்கும் மாறும்.

நெருங்கிய உறவை நிறுவுவதில் மாத்திரம் மரபணு வலிய சாட்சி. 1984இல் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ் கண்டறிந்த முறை, மறு ஆண்டே குடிவரவு வழக்கொன்றில் பயன்பட்டது. கானாவிலிருந்து திரும்பிய சிறுவன் தன் தாயின் மகனே என்பது மெய்ப்பிக்கப்பட்டு, அவன் பிரித்தானியாவில் தங்க இடம் கிடைத்தது. போரில் பத்திரங்களை இழந்த நமக்கு இதன் பெறுமதி சொல்லாமலே விளங்கும்.

ஆயினும் எச்சரிக்கை வேண்டும். சோதனை, வீட்டார் மறைத்து வைத்த உண்மையையும் வெளிக்கொணரும். ஒருவர் தரும் உமிழ்நீர் உறவினர் அனைவரின் செய்தியையும் தாங்கிச் செல்லும். 23அன்ட்மீ என்னும் அமெரிக்க நிறுவனத்திலிருந்து 2023இல் ஏறத்தாழ 69 இலட்சம் பேரின் விபரங்கள் களவு போயின. 2025 மார்ச்சில் அந்நிறுவனம் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. அரசுக்கு அஞ்சி ஓடிவந்தோர் தம் உடலின் குறிப்பை யார் கையில் ஒப்படைக்கிறோம் என எண்ணிப் பார்த்தல் தகும்.

நம் பெயர்களின் வேர் வேறிடத்தில் உள்ளது. யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளில் காணிக்கும் பெயருண்டு. நாற்றிசை எல்லைகளில் அயலாரின் பெயருண்டு. உறுதி அழிந்த வீடுகளில் அவை முதியோர் நினைவில் மட்டுமே எஞ்சியுள்ளன. பூட்டனின் பெயர், பூட்டியின் ஊர், அவர்கள் குடியிருந்த வளவின் பெயர் ஆகியவற்றை இன்றே கேட்டு எழுதி வைப்போமாக. அவசரத்தில் ஒரு கட்டத்தில் இட்ட பெயர் நம் சந்ததியின் நிலையான குடும்பப் பெயராகிவிட்டது. அப்பெயருக்குரிய மனிதர் யார் என்பதை அவர்களுக்குச் சொல்லும் கடன் நம்முடையது.