சிறுநீரகமும் எலும்பும்

மட்டக்களப்பு வாவிக்கரையில் வெயிலுக்குக் குறைவில்லை. மீனுக்கும் எருமைத் தயிருக்கும் பஞ்சமில்லை. வெயிலால் விற்றமின் டி கிடைக்கிறது. தயிரால் கல்சியம் என்னும் சுண்ணாம்புச் சத்துக் கிடைக்கிறது. இவ்விரண்டும் வாய்த்திருந்தும், நெடுநாட் சிறுநீரக நோயாளருக்கு எலும்பு நொய்ந்துபோவது ஏன்?

தோலில் வெயில் பட்டு உண்டாகும் விற்றமின் டி அப்படியே பயன்படுவதில்லை. ஈரலில் ஒருமுறையும் சிறுநீரகத்தில் மறுமுறையும் மாற்றமடைந்த பின்னரே, உணவிலுள்ள கல்சியத்தைக் குடலிலிருந்து குருதிக்குள் ஈர்க்கும் முழு ஆற்றலை அது பெறுகிறது. இரண்டாம் மாற்றம் சிறுநீரகத்திலேயே நிகழ்கிறதென்பதை 1970ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த பிரேசர், கொடிசெக் என்னும் இருவர் காட்டினர். ஆகவே, சிறுநீரகம் பழுதுற்றவர் நாள் முழுவதும் தோணியில் இருந்து வெயில் காய்ந்தாலும் அக்குறை தீராது.

மற்றொரு கேடும் சேர்கிறது. உணவில் வரும் பொஸ்பேற்றின் மிகுதியைச் சிறுநீருடன் கழிப்பது சிறுநீரகத்தின் கடமை. அது தவறும்போது குருதியில் பொஸ்பேற்று ஏறுகிறது, கல்சியம் இறங்குகிறது. கழுத்திலே, தைரொயிட் சுரப்பியின் பின்புறத்தில், அரிசிமணி போன்ற நான்கு சிறு சுரப்பிகள் உள. அவை எலும்பைக் கரைத்தேனும் கல்சியக் குறையை நிரப்ப முற்படுகின்றன. விதைநெல்லை எடுத்து உண்ணும் குடும்பத்தின் நிலை இது. தொடக்கத்தில் நோவே இராது. குருதிப் பரிசோதனைதான் நோயைக் காட்டும். பின்னர் எலும்பு நோவும் தசைத் தளர்ச்சியும் தோன்றும். சிறிது இடறி விழுந்தாலும் எலும்பு முறியும். குருதிக்குழாய்ச் சுவர்களிற் கல்சியம் படிந்து இருதயத்தையும் வருத்தும்.

இந்நோவை வாதமென்று கொண்டு, கடையில் நோவுக் குளிசை வாங்கி விழுங்குவோர் உளர். இபுபுரோபன், டைக்ளோபெனாக் முதலியன எஞ்சிய சிறுநீரக வலுவையும் கெடுத்துவிடும். எலும்பு உரம்பெறுமென எண்ணிப் பாலும் தயிரும் மிகுதியாக ஊட்டும் வீட்டாரின் அன்பும் இங்கே பிழைத்துவிடுகிறது. அவற்றிலும், முள்ளோடு உண்ணும் நெத்தலிக் கருவாட்டிலும் பொஸ்பேற்று மிகுதி. கருவாட்டிற் சேர்ந்த உப்போ குருதியமுக்கத்திற்கும் பகை. அதற்காக மீனை அறவே விலக்குவதும் தகாது. புரதம் குன்றின் உடல் மெலியும். அளவை வைத்தியரே வகுக்கவேண்டும்.

இயந்திரத்தின் வாயிலாகக் குருதிச் சுத்திகரிப்புப் பெறுவோர்க்கும் பொஸ்பேற்று முழுவதும் நீங்குவதில்லை. அதனாலேயே கல்சியம் காபனேற்று போன்ற குளிசைகளை உணவோடு உட்கொள்ளுமாறு வைத்தியர் பணிக்கின்றனர். சோற்றோடு சென்றால், அக்குளிசை குடலிலேயே பொஸ்பேற்றைப் பற்றி மலத்துடன் வெளியேற்றும். வெறும் வயிற்றில் விழுங்கினால் அதற்குப் பற்றுவதற்கு ஒன்றுமில்லை.