மெண்டலின் பட்டாணித் தோட்டம்

பிர்னோ நகரத்து அகஸ்டீனிய மடத்தின் இத்தோட்டத்திலேதான், கிரெகோர் மெண்டல் என்னும் துறவியார், 1856 முதல் 1863 வரை, பட்டாணி மொட்டுகளை மலருமுன்பே பிரித்து, மகரந்தத் தாள்களை இடுக்கியால் ஒவ்வொன்றாக நீக்கி, தாம் தேர்ந்த வேறொரு செடியின் மகரந்தத்தைச் சூல்முடியில் தடவி, பரம்பரைக் குணங்கள் சந்ததிக்கு இறங்கும் முறையை ஆராய்ந்தார்.

உருண்டை விதைச் செடியைச் சுருங்கிய விதைச் செடியோடு கலந்தபோது, பிறந்த விதைகளெல்லாம் உருண்டையாகவே இருந்தன. சுருக்கம் அடியோடு அழிந்ததென்றே எவரும் கருதியிருப்பர். ஆயினும் அவ்விதைகளை முளைப்பித்து, செடிகளைத் தம்முள்ளேயே கருவுறவிட்டபோது, ஒரே காய்க்குள் இருவகை விதைகளும் அடுத்தடுத்துக் கிடந்தன. உருண்டை 5,474, சுருக்கம் 1,850. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. கலப்பினங்களை அவருக்கு முன்னும் பலர் வளர்த்ததுண்டு. சலியாமல் எண்ணி, அவ்வெண்களின் பொருளை உசாவியதே அவருடைய மகத்தான விசேஷம்.

ஒவ்வொரு குணத்திற்கும் தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக இரண்டு காரணிகள் வருகின்றன என்றும், ஓங்கிய காரணியோடு சேர்ந்தவிடத்து ஒடுங்கிய காரணி அழியாமல் மறைந்து நிற்கும் என்றும், ஒடுங்கியவை இரண்டும் கூடினால் மறைந்த குணம் மீண்டும் வெளிப்படும் என்றும் அவர் கண்ட நியதி 1866இல் அச்சேறியது. அதன் பெருமையை விஞ்ஞான உலகம் உணர்ந்தது 1900இல். மெண்டலோ 1884இலேயே காலமாகிவிட்டார்.