கொலைகாரன் கதாநாயகன் ஆகலாமா?

கைப்பேசி பெருகிவிட்ட இந்நாளிலும், காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலா வழியாகத் திருப்பதி செல்லும் இரயிலில் புத்தகம் விரிப்போர் அடியோடு மறைந்துவிடவில்லை. ஒருவர் கையில் தமிழ் மாத நாவல். எதிரே அமர்ந்திருப்பவர் கையில் தெலுங்கு வார இதழ். பிழைப்பை நாடி இப்பகுதியில் குடியேறிய நம் குடும்பங்களுக்கு இரு மொழிகளும் பழக்கமானவையே. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, கல்லூரியில் ஆங்கிலம் என்று வளரும் நம் பிள்ளைகளோ மூன்று மொழிகளிலும் கதை படிக்கின்றனர். ஆதலின் மூன்று மொழிக் கதைச் சண்டைகளும் நம் வீட்டுக் கூடத்திற்கு வந்து சேர்கின்றன.

அண்மையில் அத்தகைய சண்டை ஒன்றை அருகிருந்து கேட்கும் வாய்ப்பு நேர்ந்தது. சித்தூரில் வாழும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். திருப்பதிக் கல்லூரியில் பயிலும் அவருடைய பேத்தி. விடுமுறைக்கு வந்த அப்பெண், ஒன்றன்பின் ஒன்றாக வந்த இரண்டு ஆங்கில நாவல்களைத் தாத்தாவிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருந்தாள். முதல் நூலை இரண்டே நாளில் முடித்தார் அவர். இரண்டாவதை முடித்ததும் மேசைமீது ஓசை எழ வைத்தார்.

"இதற்கு இரண்டாம் பாகம் எழுதாமலே இருந்திருக்கலாம், அம்மா" என்றார்.

"இரண்டாம் பாகந்தான் தாத்தா உண்மையைச் சொல்கிறது" என்றாள் பேத்தி.

அன்று மாலை காப்பி ஆறிப் போயிற்று.

அந்நூல்களை எழுதியவர் தாமஸ் ஹாரிஸ் என்னும் அமெரிக்கர். மனிதரைக் கொன்று தின்னும் ஹன்னிபால் லெக்டர் என்ற மனநல மருத்துவனை 1981-இல் வெளிவந்த 'ரெட் டிராகன்' நாவலில் அவர் முதன்முதலாகப் படைத்தார். அதில் லெக்டர் சிறைக்குள் கிடக்கும் சிறு பாத்திரமே. 1988-இல் 'தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்' வெளிவந்தது. பல பெண்களைக் கொன்ற கயவன் ஒருவன், செனட் உறுப்பினர் ஒருவருடைய மகளைக் கடத்தி, வீட்டின் அடித்தளத்திலுள்ள பாழ்ங்கிணற்றில் அடைத்து வைக்கிறான். பயிற்சி நிலையிலிருக்கும் கிளாரிஸ் ஸ்டார்லிங் என்ற இளம்பெண், சிறையிலிருக்கும் லெக்டரிடம் துப்புக் கேட்டு, அப்பெண்ணை உயிருடன் மீட்கிறாள். 1991-இல் அது திரைப்படமாகி, ஆஸ்கார் விருதுகளில் தலையாய ஐந்தையும் பெற்றது.

வாசகர் பதினோர் ஆண்டுகள் காத்திருந்தனர். 1999-இல் 'ஹன்னிபால்' வெளியாயிற்று. வெளியான உடனேயே வாசகர் உலகம் இரண்டாகப் பிளந்தது. திகில் கதை மன்னரான ஸ்டீபன் கிங் அதனைப் பெரிதும் போற்றி எழுதினார். ஆங்கில எழுத்தாளர் மார்ட்டின் ஏமிஸ் கடுமையாகக் கண்டித்தார். பிளவுக்குக் காரணம் நூலின் முடிவு. கொலைஞனைப் பிடிக்கப் புறப்பட்ட கிளாரிஸ், அவன் செலுத்திய மருந்துக்கும் மனவசியத்திற்கும் ஆட்பட்டு, இறுதியில் அவனுடைய துணைவியாகவே தென் அமெரிக்க நகரம் ஒன்றில் வாழ்கிறாள்! முதற்படத்தை இயக்கிய ஜோனதன் டெம்மியும், கிளாரிஸாக நடித்த ஜோடி ஃபாஸ்டரும் அடுத்த படத்தில் பங்குகொள்ளவில்லை. 2001-இல் ரிட்லி ஸ்காட் இயக்கிய அப்படத்தில் நாவலின் முடிவே மாற்றப்பட்டது. படத்துக் கிளாரிஸ் அவனுக்கு இணங்கவில்லை.

பேத்தியின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. "கிளாரிஸ் உயிரைக் கொடுத்து உழைத்தாள். அவளுடைய அலுவலகம் என்ன செய்தது? பிறர் பிழையை அவள் தலையில் சுமத்திற்று. மேலதிகாரி ஒருவர் அவளை வளரவே விடவில்லை. நேர்மையாக இருந்த பெண்ணுக்கு உலகம் இப்படித்தான் கைம்மாறு செய்யும் என்று ஆசிரியர் காட்டுகிறார். முதல் பாகத்தையே மறுபடியும் எழுதியிருந்தால் நீங்கள் மகிழ்ந்திருப்பீர்கள், அவர் துணிந்து வேறொன்று எழுதினார்" என்றாள்.

தாத்தா விடவில்லை. "அலுவலகத்தை உதறிவிட்டு அவள் தானாக வெளியேறியிருந்தால் நானும் கைதட்டியிருப்பேன். மருந்து கொடுத்து மனத்தை மாற்றுவது விடுதலையா, அம்மா? முதல் நூலில் தன் அறிவால் வென்றவளை இரண்டாம் நூலில் பொம்மையாக்கிவிட்டார்கள். அதைத் துணிவு என்கிறாயே!" என்றார்.

இருவர் பேச்சிலும் நியாயம் உண்டு. எனினும், அந்நூல் எவ்வாறு கட்டப்பட்டிருக்கிறது என்பதைச் சற்று நோக்குதல் வேண்டும். கொலைஞனை வாசகர் விரும்பவேண்டுமாயின், அவனினும் கொடியவன் ஒருவன் தேவை. ஆகவே மேசன் வெர்ஜர் என்னும் செல்வன் படைக்கப்படுகிறான். லெக்டரைப் பன்றிகளுக்கு உயிரோடு இரையாக்கத் திட்டமிடும் அவனைக் கண்டு அஞ்சும் வாசகர், தம்மை அறியாமலே லெக்டர் தப்பவேண்டும் என்று வேண்டத் தொடங்குகிறார். அடுத்து, கொலைஞனுக்கு ஒரு துயரக் கதை தேவை. இரண்டாம் உலகப் போரின்போது லிதுவேனியாவில் அவனுடைய தங்கையைப் பசித்த கயவர் கொன்று தின்றனர் என்று கூறப்படுகிறது. 2006-இல் வந்த அடுத்த நூல் அவ்விளமைக் கதையையே விரித்துரைத்தது. இரக்கம் பிறக்கிறது, அச்சம் குறைகிறது. முதல் நூலில் கிணற்றிலிருந்து காக்கப்படவேண்டிய உயிர் ஒன்று இருந்தது. இரண்டாம் நூலில் நாம் காக்க விரும்பும் உயிர் கொலைஞனுடையதே. பூசலின் வேர் இங்கேதான் உள்ளது.

இது கடல் கடந்த கதை என்று ஒதுக்கிவிட இயலாது. பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்' 1978-இல் வந்தது. மறு ஆண்டே தெலுங்கில் 'எர்ர குலாபீலு' ஆயிற்று. பெண்களைக் கொல்லும் நாயகனுக்கு அதிலும் ஓர் இளமைக்காலக் காரணம் கற்பிக்கப்பட்டது. சைலேஷ் கொலனுவின் 'ஹிட்' தெலுங்குப் படவரிசையில், 2022-இல் வந்த இரண்டாம் படம் விசாகப்பட்டினத்துக் காவல் அதிகாரி ஒருவர் தொடர் கொலைகாரனைத் தேடும் கதை. 2025-இல் வந்த மூன்றாம் படமோ, காவல் அதிகாரியே கொலை புரியும் காட்சியை முன்வைக்கிறது. விறுவிறுப்பைப் போற்றியோரும் உளர். குருதிப் பெருக்கைக் கண்டு முகஞ்சுளித்தோரும் உளர்.

பூசலும் நமக்குப் புதிதன்று. எண்டமூரி வீரேந்திரநாத்தின் 'துளசி தளம்' கொலைஞன் கதையன்று; பில்லி சூனியத் திகில் கதை. அதுவும் அதன் தொடர்ச்சியும் தெலுங்கு வாசகரை ஆட்கொண்டன. தமிழிலும் வந்து நம்மவர் பலரின் உறக்கத்தைக் கெடுத்தன. ஆனால் அந்நாவல் மூடநம்பிக்கையை வளர்ப்பதாகக் கூறி, எழுத்தாளர் ரங்கநாயகம்மா தனி நூலே எழுதி எதிர்த்தார். விற்பனை பெரிதாயிற்று என்பதனால் வினா எழாமற் போய்விடவில்லை.

கற்பனைக் கதையே இத்தனை வினாக்களை எழுப்பினால், உண்மைக் கதை எழுப்பாதா? சென்னையைக் கலக்கிய ஆட்டோ சங்கர் பல கொலைகளுக்காகத் தண்டிக்கப்பட்டு, 1995-ஆம் ஆண்டு ஏப்ரல் 27 அன்று சேலம் சிறையில் தூக்கிலிடப்பட்டான். அவன் சிறையிலிருந்து எழுதியதாகக் கூறப்பட்ட வாழ்க்கை வரலாற்றை 'நக்கீரன்' இதழ் வெளியிட முற்பட்டபோது வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பொது ஆவணங்களில் உள்ள அளவிற்கு, அவனது இசைவின்றியும் அவ்வரலாற்றை வெளியிடும் உரிமை இதழுக்கு உண்டு என 1994-இல் தீர்ப்பாயிற்று. ஆயினும் நீதிமன்றம் ஒரு வேலியும் இட்டது. பாலியல் வன்முறைக்கும் கடத்தலுக்கும் ஆளான பெண்ணின் பெயரை ஏடுகளில் வெளியிட்டு அவளை மேலும் இழிவுக்குள்ளாக்கலாகாது என்று அது கூறிற்று. கொலைஞனின் கதையைச் சொல்லுங்கள். அவன் கையில் துன்புற்றவளின் மானத்தை மறவாதீர்கள் என்பதே அதன் உட்பொருள் எனக் கொள்ளலாம்.

நிற்க. சித்தூர் வீட்டில் நடந்த சண்டையின் முடிவைச் சொல்லவில்லையே!

விளக்கேற்றும் நேரமாயிற்று. பேத்தி திடீரென்று, "தாத்தா, முதல் கதை உங்களுக்குப் பிடித்தது அல்லவா? கிணற்றில் கிடந்தாளே, அந்தப் பெண்ணின் பெயர் என்ன?" என்று கேட்டாள்.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தாம் கற்பித்த மாணவர் பெயர்களையெல்லாம் சொல்லக்கூடிய அந்த ஆசிரியர் விழித்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பெயர் வரவில்லை. "லெக்டரின் பெயர் நினைவிருக்கிறது. அந்தக் குழந்தையின் பெயர் மறந்துவிட்டதே!" என்று வருந்தினார்.

"காதரின் மார்ட்டின்" என்றாள் பேத்தி, மெதுவாக. "எனக்கும் நினைவில்லை தாத்தா. காலையில் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன்."

அதன்பின் இருவரும் வாதிடவில்லை. இரண்டாம் பாகம் கொலைஞனைக் கதாநாயகன் ஆக்கிற்று என்று குறைகூறிய தாத்தாவும், அதைத் துணிவென்று போற்றிய பேத்தியும், முதல் பாகத்திலேயே அவனுக்குத் தம் மனத்தில் முதலிடம் தந்துவிட்டிருந்தனர். ஆசிரியர் ஒருவர் மட்டுமே குற்றவாளி அல்லர்; விரும்பிப் படித்த நாமும் பங்காளிகளே.

ஆதலின் நம் பிள்ளைகள் கையிலிருந்து இத்தகைய நூல்களைப் பறிக்க வேண்டுவதில்லை. பறித்தால் அவர்கள் மறைவில் படிப்பர். அவர்களோடு நாமும் படிப்போம். படித்து முடித்ததும், "இக்கதையில் துன்புற்றவள் பெயர் என்ன? அவளுக்காக ஒரு கணமேனும் வருந்தினாயா?" என்று கேட்போம். அவ்வினாவுக்கு விடை தரும் நூல் நல்ல நூல், அது எத்தனையாம் பாகமாயினும். விடை தராத நூலையும் படிக்கலாம்; ஆனால் நமக்குள் எதனை அது மழுங்கச் செய்தது என்பதை அறிந்து படிப்போம்.