உப்பா, பசையா? திரவ சோப்பைக் கெட்டியாக்கும் கணக்கு

கொரட்டூர், பாடி, அம்பத்தூர் பக்கம் வீட்டிலேயே ஹேண்ட்வாஷும் பாத்திரம் கழுவும் லிக்விடும் தயாரித்து, அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் டிபன் கடைகளுக்கும் கேனில் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். இந்தத் தொழிலுக்கு இது வசதியான இடம்தான். கொரட்டூரில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால், கெமிக்கல் கடைகள் வரிசையாக இருக்கும் நைனியப்ப நாயக்கன் தெரு பக்கம். பாத்திரம் கழுவும் லிக்விடின் ஆதாரமான ஆசிட் ஸ்லரி, எல்.ஏ.பி. என்ற பெட்ரோலியப் பொருளிலிருந்து வருகிறது. அதைத் தயாரிக்கும் தமிழ்நாடு பெட்ரோபிராடக்ட்ஸ் ஆலையும் வடசென்னையில், மணலியில்தான் இருக்கிறது.

பொருள் கிடைப்பது சுலபம். வாங்குபவரைத் திருப்திப்படுத்துவதுதான் கஷ்டம். பாட்டிலைச் சாய்த்துப் பார்த்து, “என்னங்க, தண்ணியா இருக்கு?” என்பார். கடையில் போய்ச் சொன்னால் ஒரு பொட்டலத்தைக் கொடுத்து, “இந்தத் திக்னரைப் போடுங்க” என்பார்கள். அது சில சமயம் வேலை செய்யும். சில சமயம் கட்டி கட்டியாக மிதக்கும், கலங்கும், பத்து நாளில் நாற்றமும் அடிக்கும். காரணம் எளிது. எல்லாத் திரவ சோப்புக்கும் பொதுவான திக்னர் என்று ஒன்று கிடையாது. உங்கள் வாளியில் என்ன பேஸ் இருக்கிறது என்பதுதான் திக்னரைத் தீர்மானிக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளலாம். கெட்டியாக இருப்பதற்கும் நன்றாக அழுக்கு எடுப்பதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. அழுக்கை எடுப்பது பேஸ். கெட்டித்தன்மை, லிக்விட் கையிலிருந்து வழிந்தோடாமல் நிற்கவும் ஒரு முறைக்கு எடுக்கும் அளவு கட்டுக்குள் இருக்கவும் உதவுகிறது, அவ்வளவே. பேஸைக் குறைத்துவிட்டுப் பசையைக் கூட்டினால் பாட்டில் பார்வைக்கு நன்றாக இருக்கும், எண்ணெய்ப் பிசுக்கு தட்டிலேயே இருக்கும்.

உப்பு ஏன் வேலை செய்கிறது?

கடைகளில் எஸ்.எல்.இ.எஸ். என்று கேட்டால் கிடைக்கும் 70 சதவீத பேஸ்ட்தான் இன்றைய ஹேண்ட்வாஷ், ஷாம்பூ பெரும்பாலானவற்றின் அடிப்படை. இதற்கு மலிவான, சுத்தமான திக்னர் சாதாரண உப்பு.

எஸ்.எல்.இ.எஸ். மூலக்கூறுகள் தண்ணீரில் தனித்தனியாக அலைவதில்லை. கூட்டம் கூட்டமாகச் சேர்ந்து நுண்ணிய உருண்டைகளாக இருக்கும். அவற்றின் தலைப்பகுதிகளில் எதிர்மின்னேற்றம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும். உப்பிலுள்ள சோடியம் அந்தத் தள்ளலைத் தணிக்கிறது. மூலக்கூறுகள் இன்னும் நெருங்கி உட்கார, உருண்டைகள் நீண்ட இழைகளாகின்றன. தட்டில் பிழிந்த இடியாப்பம் போல இழைகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும்போது லிக்விட் கெட்டியாகிறது.

இதற்கு ஓர் உச்சம் உண்டு. அதைத் தாண்டி உப்புப் போட்டால் லிக்விட் மறுபடி இளகிவிடும். அதற்கு மேலும் போட்டால் கலங்கிப் பிரியும். புதிதாகச் செய்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். இளகியதைப் பார்த்து “உப்பு பத்தவில்லை” என்று மேலும் அள்ளிப் போடுவார்கள், இன்னும் தண்ணீராகும். அப்படி ஆகிவிட்டால் உப்பை நிறுத்திவிட்டு, உப்புச் சேர்க்காத பேஸ் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க வேண்டும். உப்பின் விகிதம் குறையக் குறைய லிக்விட் திரும்பக் கெட்டியாகும்.

உங்கள் உச்சத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

உச்சம் எங்கே வரும் என்பது பேஸுக்குப் பேஸ் மாறும். வாசனைத் திரவியம் மாறினால்கூட மாறும். அதனால் அடுத்தவர் சொன்ன அளவை நம்பாமல் ஒரு சின்ன சோதனை செய்வது நல்லது. ஒரு கிலோ லிக்விடுக்கான பொருள்கள் அனைத்தையும், உப்பை மட்டும் விட்டுவிட்டு, தண்ணீரையும் குறைத்து, மொத்தம் 850 கிராம் வருமாறு கரைத்துக்கொள்ளுங்கள். ஐந்து டம்ளர்களில் தலா 85 கிராம் ஊற்றுங்கள். 20 கிராம் உப்பை 80 கிராம் தண்ணீரில் கரைத்த உப்புக் கரைசலை வரிசையாக 2.5, 5, 7.5, 10, 12.5 கிராம் சேருங்கள். ஒவ்வொரு டம்ளரையும் தண்ணீர் விட்டு 100 கிராமுக்குக் கொண்டுவாருங்கள். இப்போது உங்களிடம் அரை சதவீதம் முதல் இரண்டரை சதவீதம் வரை உப்புள்ள ஐந்து மாதிரிகள் இருக்கின்றன.

நுரையும் காற்றுக்குமிழியும் அடங்க ஒரு நாள் விட்டு, ஒரே புனல் வழியாக ஒவ்வொன்றிலும் ஒரே அளவு ஊற்றி, இறங்கும் நேரத்தைப் போனில் குறித்துக்கொள்ளுங்கள். பெயின்ட் தொழிலில் இதற்கு ஃபோர்டு கப் என்று அளவான ஓட்டையுள்ள கிண்ணமே வைத்திருப்பார்கள். நேரம் ஏறிக்கொண்டே போய் ஓரிடத்தில் இறங்கும். இரண்டு சதவீதத்தில் உச்சம் என்றால் ஒன்றரையில் நின்றுகொள்ளுங்கள். உச்சத்திலேயே நிறுத்தினால் அடுத்த பேட்சில் சிறு மாற்றம் வந்தாலும் மறுபக்கம் சரிந்துவிடும். எல்லா மாதிரிகளையும் ஒரே வேளையில் அளப்பதும் முக்கியம்: சூடு ஏறினால் இந்த லிக்விட் இளகும். மார்கழிக் காலையில் சரியாக இருந்தது கத்திரி வெயிலில் தண்ணீராகத் தெரியும்.

கணக்கில் வராத உப்பு

நாம் போடாத உப்பும் வாளியில் இருக்கிறது. நுரைக்காகவும் தோலுக்கு மென்மையாக இருக்கவும் சேர்க்கும் சி.ஏ.பி.பி. திரவத்தில் ஏற்கெனவே சுமார் 5 சதவீதம் உப்பு உண்டு. ஆசிட் ஸ்லரியைக் காஸ்டிக் சோடாவால் சமப்படுத்தும்போது, அதில் மிச்சமிருக்கும் கந்தக அமிலம் சோடியம் சல்பேட்டாகிறது. அதுவும் உப்புதான்.

மூன்றாவது, தண்ணீர். போர் தண்ணீரில் கால்சியம், மக்னீசியம், குளோரைடு எல்லாம் கரைந்திருக்கும். வெயில் காலத்தில் நிலத்தடி நீர் இறங்கினால் அந்த அளவும் மாறலாம். போன மாதம் சரியாக வந்த அதே ஃபார்முலா இந்த மாதம் இளகிப்போனால், முதலில் சந்தேகிக்க வேண்டியது தண்ணீரைத்தான். ஆசிட் ஸ்லரி பேஸில் கால்சியம் இன்னொரு தொல்லையும் தரும்: பேஸோடு சேர்ந்து கரையாத பொருளாகி லிக்விடைக் கலக்கிவிடும். எஸ்.எல்.இ.எஸ். கடின நீரை ஓரளவு தாங்கும். ஆர்.ஓ. தண்ணீரையே எப்போதும் பயன்படுத்துங்கள், கடின நீரின் தொல்லைக்காகக் கொஞ்சம் ஈ.டி.டி.ஏ. சேர்ப்பதும் உண்டு. சமையல் அயோடின் உப்பில் கட்டி பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் பொருள்கள் லிக்விடை மங்கலாக்கலாம். தொழிலுக்கு விற்கும் சுத்தமான அயோடின் சேர்க்காத உப்பே சரி.

உப்பு போதாத இடங்கள்

பேஸ் மிகக் குறைவாக இருந்தால் உப்பு எவ்வளவு போட்டாலும் பலன் இல்லை. சிக்கிக்கொள்ள இழைகளே இல்லை. அப்போது சி.ஏ.பி.பி.யைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். அது இழை உருவாவதற்குக் கை கொடுக்கும், உப்புத் தேவையும் குறையும்.

பலர் போடுவது சி.டி.இ.ஏ. என்ற தேங்காய் எண்ணெய் வழிப் பொருள். ஒன்று முதல் மூன்று சதவீதத்திலேயே நன்றாகக் கெட்டியாக்கும், நுரையையும் நிறுத்தும். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை, மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பிருக்கலாம் என்ற 2பி பிரிவில் வைத்திருக்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2012-இல் தன் எச்சரிக்கைப் பட்டியலில் சேர்த்தது. தினமும் தோலில் படும் ஹேண்ட்வாஷுக்கு இதைத் தவிர்ப்பதே என் பரிந்துரை.

சாந்தன் கம், சி.எம்.சி., ஹெச்.இ.சி. போன்ற பசைகள் வேறு வழியில் வேலை செய்கின்றன. அவை பேஸைத் தொடுவதில்லை. தண்ணீரையே பிடித்துக் கெட்டியாக்குகின்றன. பூந்திக்கொட்டைச் சாற்றில் செய்யும் லிக்விட் உப்புக்கு மசியாது. அதற்குப் பசைதான் வழி. சாந்தன் கம் உப்பையும் புளிப்பையும் காரத்தையும் தாங்கும். அரை சதவீதம் அளவிலேயே வித்தியாசம் தெரியும். நேராகத் தண்ணீரில் கொட்டினால் வெளியே வழுவழுப்பும் உள்ளே காய்ந்த மாவுமாகக் கட்டி தட்டும். முதலில் கிளிசரினில் குழைத்து, பிறகு தண்ணீரைக் கலக்கிக்கொண்டே சேர்த்தால் கட்டி விழாது. சாதாரண ரகம் போட்டால் லிக்விட் கண்ணாடி போல் தெளிவாக இருக்காது. இந்தப் பசைகள் கிருமிகளுக்கும் தீனி என்பதால், பிரிசர்வேட்டிவ் இல்லாமல் போட்டால் நாற்றம் வருவது நிச்சயம்.

கார்போபால் என்ற திக்னர் 2020-இல் சானிடைசர் ஜெல் வழியாகப் பலருக்கும் அறிமுகமானது. அந்த ஜெல்லைக் கையில் தேய்த்ததும் சட்டென்று தண்ணீரானது நினைவிருக்கும். தோலிலுள்ள உப்பு பட்டதும் அதன் கட்டமைப்பு உடைகிறது. உப்பு நிறைந்த சோப்பு லிக்விடில் அதைப் போடுவது பணத்தைக் கரைப்பதுதான்.

எண்ணெயில் காய்ச்சிய சோப்பு என்றால்

தேங்காய் எண்ணெய், ஆலிவ் எண்ணெய் போன்றவற்றைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் காய்ச்சிச் செய்யும் திரவ சோப்புக்கு மேலே சொன்ன கணக்கு அப்படியே பொருந்தாது. ஆலிவ் எண்ணெய் சோப்பு உப்புக் கரைசலைத் துளித்துளியாகச் சேர்க்கும்போது கெட்டியாகும். தேங்காய் எண்ணெய் சோப்பு அவ்வளவாக மசியாது. கடல் நீரிலும் நுரைக்கும் சோப்பைத் தேங்காய் எண்ணெயில் செய்வதற்குக் காரணமே, அது உப்பைத் தாங்குவதுதான். தேங்காய் எண்ணெய் சோப்புக்கு ஹெச்.இ.சி., ஹெச்.பி.எம்.சி. அல்லது சாந்தன் கம் போன்ற பசை தேவை. இங்கே ஒரு எச்சரிக்கை: எஸ்.எல்.இ.எஸ். ஹேண்ட்வாஷில் பி.எச். குறைக்கப் போடும் சிட்ரிக் அமிலத்தை இதில் போட்டால் சோப்பு உடைந்து, கொழுப்பு அமிலம் பிரிந்து, பால் போல் கலங்கிவிடும்.

விற்பதற்கு முன்

இரண்டு பாட்டில்களை நிரப்பி, ஒன்றைப் பிரிட்ஜிலும் ஒன்றை மொட்டை மாடி வெயிலிலும் சில நாள் வையுங்கள். குளிரில் கலங்கி, அறைச்சூட்டிலும் தெளியாவிட்டால் உப்பு அதிகம். வெயிலில் அடுக்கு பிரிந்தால் பசை சரியாகக் கரையவில்லை. வீணான பேட்சை மழைநீர்க் கால்வாயில் கொட்டாதீர்கள். கொரட்டூர் ஏரியில் கழிவு கலப்பது பற்றிய வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிருக்கிறது. வீணானதைச் சிறிது சிறிதாக அடுத்த பேட்சில் சேர்த்துத் தீர்ப்பதே லாபமும்கூட. பாத்திரம் கழுவும் லிக்விடுக்கும் ஹேண்ட்வாஷுக்கும் சட்டம் ஒன்றல்ல. கை, உடல் கழுவும் பொருள்கள் அழகுசாதனப் பொருள்கள் விதிகள், 2020-இன் கீழ் வருவதால், விற்பனைக்குத் தயாரிக்க உரிமம் தேவை.

அடுத்த முறை கடையில் “நல்ல திக்னர் எது?” என்று மட்டும் கேட்காதீர்கள். உங்கள் பேஸ் என்ன, அது எத்தனை சதவீதம், எந்தத் தண்ணீர், எந்த பி.எச். என்ற நான்கையும் ஒரு நோட்டில் எழுதி எடுத்துப் போங்கள். பாதி முறை பதில் உப்பிலேயே இருக்கும். மீதிப் பாதிக்குத்தான் திக்னர் பொட்டலம் வாங்க வேண்டியிருக்கும்.