பிரட்டுக்களத்திலிருந்து வாக்குச்சாவடி வரை

1850களில் விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ் ஆகிய ஆஸ்திரேலியக் குடியேற்றங்களுக்குத் தன்னாட்சி கிடைத்தது. கப்பலேறிப் போன வெள்ளையர் நிலம் பிடித்தார்கள், ஆடு வளர்த்தார்கள், தங்கம் தோண்டினார்கள். சட்டமன்றத்தையும் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். அந்தச் செழிப்புக்காகப் பூர்வகுடிகள் தங்கள் மண்ணை இழந்தார்கள்.

அதே காலத்தில் நம் ஜோகூரிலும் குடியேற்றம் நடந்தது. ஆனால் இங்கே காட்டைத் திறந்துவிட்டவர் மலாய் ஆட்சியாளர். தெமெங்கோங் இப்ராகிம் 1844 முதல் ஆற்றங்கரைகளைச் சீனத் தலைவர்களுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். காங்சூ எனப்பட்ட அவர்கள் காம்பியரும் மிளகும் பயிரிட்டார்கள்; வரி அரசுக்கு வந்தது. இப்ராகிமின் மகன் அபு பக்கார் 1866இல் தஞ்சோங் புத்ரிக்கு ஜோகூர் பாரு எனப் பெயரிட்டார். 1885இல் சுல்தான் ஆனார். 1895 ஏப்ரலில் எழுத்து வடிவில் ஓர் அரசியல் சட்டம் தந்தார். நாட்டின் எந்தப் பகுதியையும் அந்நிய அரசுக்கு விட்டுக்கொடுக்கக் கூடாது என்று அது சொன்னது. சுற்றிலும் பிரிட்டிஷ் கை ஓங்கியபோதும், 1914 வரை ஜோகூர் பிரிட்டிஷ் பொது ஆலோசகரின் அதிகாரத்துக்கு உட்படவில்லை. பிரிட்டிஷ் பேரரசு தன் சொந்த மக்களுக்கு மனமுவந்து தந்த தன்னாட்சியைவிட இது அரிய சாதனை என்றே நினைக்கிறேன்.

நம்மவர் கதை அதன் பிறகுதான் வருகிறது. 1909இல் ஜோகூர் ரயில் பாதை முடிந்தது. ரப்பர் உள்நாட்டுக்குள் பரவியது. குளுவாங், ரெங்கம், கூலாய் பக்கமெல்லாம் பால்மரம் நின்றது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய தமிழர்களைக் கங்காணி அழைத்து வந்தார். அவருக்குத் தலைக்காசு உண்டு. விடியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். கிராணி கணக்கு எழுதுவார், துரை பார்த்து நிற்பார். பிறகு நிரை, வெட்டு, வாளி, ஸ்டோர். கனடாவின் மேற்குப் புல்வெளிக்குக் குடியேறியவருக்கு 1872ஆம் ஆண்டுச் சட்டப்படி 160 ஏக்கர் கிடைத்தது. ஜோகூருக்கு வந்த தமிழருக்குத் தோட்ட லயத்தில் ஓர் அறை கிடைத்தது, அதுவும் வேலை இருக்கும் வரைதான். வேலை போனால் வீடும் போகும். இரு நாட்டுக் குடியேற்றத்துக்கும் இடையிலான வித்தியாசத்தை இந்த ஒன்றிலேயே கண்டுகொள்ளலாம்.

ஜப்பானியர் காலத்தில் தோட்டத்து ஆண்கள் பலர் சயாம் ரயில் வேலைக்குப் போய்த் திரும்பவில்லை. 1946இல் பிரிட்டிஷாரின் மலாயன் யூனியன் திட்டத்தை எதிர்த்து மலாய்க் கட்சியான அம்னோ பிறந்தது ஜோகூர் பாரு அரண்மனையில்தான். நாடு தன்னாட்சியை நோக்கி நடந்தபோது நம்மவர் பின்வரிசையில் நின்றார்கள். 1955 பொதுத் தேர்தல் வாக்காளர் பட்டியலில் இந்தியர் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. 1957க்குப் பிறகும், பத்திரம் இல்லாமல், படிவம் நிரப்பத் தெரியாமல், குடியுரிமை தராத சிவப்பு அடையாள அட்டையோடே முதுமை அடைந்தவர்கள் உண்டு. ஒரு மண்ணுக்கு ஆயுளையே கொடுத்தவருக்கு நேர்ந்த அநீதி இது. இன்றும் மனம் ஆறவில்லை.

இன்று பால்மரம் குறைந்துவிட்டது, பெரும்பாலும் செம்பனை. அதையும் வெட்டித் தாமான்களும் ஆலைகளும் தரவு மையங்களும் எழுகின்றன. 2006இல் தொடங்கிய இஸ்கந்தார் திட்டம் ஜோகூர் பாருவைச் சுற்றி நிலத்தின் விலையையே மாற்றிவிட்டது. லயத்தில் பிறந்தவரின் பேரப்பிள்ளை வங்கிக் கடனில் சொந்த வீடு வாங்கியிருக்கிறார். விடியுமுன் எழுந்து, 1924இல் திறந்த அதே பாலத்தில் சிங்கப்பூர் வேலைக்குப் போகிறார். மாநிலத்தில் சுமார் 70 தமிழ்ப்பள்ளிகள் நடக்கின்றன. தோட்டத்தை இழந்து நகரோரம் வாடகைக்கு ஒதுங்கிய குடும்பங்களும் இதே ஊரில்தான் இருக்கின்றன. அவர்களை விட்டுவிட்டு வளர்ச்சியைப் பேசுவது பாதிக் கணக்கு.

பதினெட்டு வயது நிரம்பியவர்கள் தாமாகவே வாக்காளர் ஆகும் புதிய முறையில், மலேசியாவில் முதலில் நடந்த மாநிலத் தேர்தல் ஜோகூருடையதுதான்: 2022 மார்ச் 12. படிவம் வேண்டாம், கிராணியின் தயவும் வேண்டாம். ஆனால் அன்று வாக்களித்தவர்கள் சுமார் 55 விழுக்காடுதான். கோவிட் தொற்றுப் பயம் இருந்தது, பாலம் கடந்து வருவதும் எளிதாக இல்லை, உண்மைதான். அடுத்த முறை அந்த நாளுக்கு முன்கூட்டியே விடுப்பு எழுதி வையுங்கள். வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து வாக்களியுங்கள்.