பியானோவுக்குள் அட்டையைச் செருக வைத்த தமிழ்ப் பாட்டு எது தெரியுமா?

சிகாகோவில் மூன்று பேர் 1987இல் ஓர் இசைத்தட்டு போட்டார்கள். ‘ஆசிட் ஹவுஸ்’ என்கிற நடன இசையே அதிலிருந்துதான் கிளம்பியது என்று ஊர் உலகமெல்லாம் பேச்சு. ஆனால் அதே கருவி, அதே நெளிவு, அதே விடாப்பிடியான தாளம், எல்லாவற்றையும் ஐந்து வருஷம் முன்னாலேயே பம்பாயில் ஒருவர் வாசித்து முடித்திருந்தார், தெரியுமா?

அவர் பெயர் சரண்ஜித் சிங். இந்தி சினிமாப் பாட்டுகளுக்குக் கிதார் வாசித்தவர். 1982இல் அவர் போட்ட தட்டின் பெயர், டிஸ்கோ தாளத்தில் பத்து ராகங்கள். அதில் பூபாலி உண்டு, அதாவது நம் மோகனம். மால்கௌன்ஸ் உண்டு, நம் இந்தோளம். கலாவதி என்று இருப்பது நம் வலஜியேதான்! தபலா கிடையாது, தம்புரா கிடையாது. ரோலண்ட் கம்பெனியின் மூன்று கருவிகள் மட்டும். அவற்றில் ஒன்றுதான் டிபி-303 என்கிற சின்ன வெள்ளிநிறப் பெட்டி.

அந்தப் பெட்டியின் கதை தனி வேடிக்கை. பாஸ் கிதாருக்கு ஆள் கிடைக்காதவர்கள் வைத்துக்கொள்ளட்டும் என்று செய்தது. கேட்டால் பாஸ் கிதார் மாதிரியே இருக்காது. வாங்க ஆளில்லாமல் 1984இல் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். ஆனால் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டு போகும் வசதி அதில் இருந்தது. ராகம் வாசிக்கிறவனுக்கு வேறென்ன வேண்டும்? சரண்ஜித் பிடித்துக்கொண்டார். தட்டோ விற்கவில்லை. இருபது வருஷம் கழித்து, 2002இல், எடோ பௌமன் என்கிற டச்சுக்காரர் டெல்லியில் ஒரு கடையில் அதைத் தற்செயலாகக் கண்டெடுத்தார். 2010இல் மறுபதிப்பு. எழுபதைத் தாண்டிய சரண்ஜித் ஐரோப்பிய மேடைகளில் ஏறி வாசித்துவிட்டு, 2015இல் காலமானார்.

இதுவே ஆச்சரியம் என்றால், அதற்கும் 13 வருஷம் முன்னால் போங்கள். 1969, அகமதாபாத். நாற்காலியும் துணியும் வடிவமைக்கக் கற்றுத்தரும் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மூக் சிந்தசைசர் என்கிற மின்னணு இசைக்கருவி ஒன்று வந்து இறங்குகிறது. முன்பக்கமெல்லாம் வயரும் துளையும் குமிழுமாக, பார்த்தால் பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சை உரித்துவைத்த மாதிரி இருக்கும். அதைக் கொண்டுவந்து பொருத்தியவர் அமெரிக்கரான டேவிட் டியூடர். நம்மூர்க்காரர்கள் சிலர் அதில் மூன்று வருஷம் விளையாடினார்கள், ஒலிநாடாக்களை அலமாரியில் அடுக்கினார்கள், அவ்வளவுதான், எல்லோரும் மறந்துபோனார்கள். 2017இல் பால் பர்காஸ் என்ற லண்டன் கலைஞர் போய்ப் பார்க்கும்வரை அவை அங்கேயே கிடந்தன. தட்டாக வெளிவந்தது 2023இல்!

அந்த நாடாக்களில் கீதா சாராபாய் என்றொரு பெயர் இருக்கிறது. பெண்கள் தொடாத பக்கவாஜ் என்கிற தாளவாத்தியத்தைத் தொட்டு வாசித்தவர். 1946இல் நியூயார்க் போனபோது அங்கே ஓர் இசையமைப்பாளரோடு பண்டமாற்று ஒப்பந்தம் போட்டார். நீ எனக்கு மேல்நாட்டு இசை சொல்லிக்கொடு, நான் உனக்கு இந்திய இசை சொல்லித்தருகிறேன், காசு பேச்சே வேண்டாம். அந்த ஆள் யார் தெரியுமா? ஜான் கேஜ்! நான்கு நிமிஷம் 33 வினாடி ஒரு ஸ்வரம்கூட வாசிக்காமல் உட்கார்ந்திருக்கும்படி 1952இல் ஓர் உருப்படி எழுதினாரே, அவரேதான். முதன்முதலில் பியானோ முன்னால் அப்படி உட்கார்ந்தவர் யார்? அகமதாபாத்துக்கு மூக் கொண்டுவந்த அதே டியூடர்.

கேஜ் எழுதிய இன்னொன்று இந்த நிமிஷமும் ஒலித்துக்கொண்டிருக்கிறது. ஜெர்மனியின் ஹால்பர்ஸ்டாட் நகரில் ஒரு பழைய தேவாலயம். எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக வாசிக்கவும் என்று அவர் குறிப்பு எழுதிவைத்த ஆர்கன் உருப்படியை 2001 செப்டம்பரில் தொடங்கினார்கள். முடியப்போவது 2640இல்! எடுத்த எடுப்பில் இடைவெளி என்பதால், முதல் 17 மாதம் துருத்திக் காற்று மட்டுந்தான் வந்தது. விசைகளை மணல்மூட்டை தொங்கவிட்டு அழுத்திவைத்திருக்கிறார்கள். ஒரே ஒலிக்கூட்டு 2013இலிருந்து 2020வரை நின்றது. விளம்பகாலம் என்று நாம் சொல்வதெல்லாம் இதற்கு முன்னால் துரிதம்.

இனி தலைப்புக்கு வருகிறேன். பியானோ தந்திகளுக்கு நடுவே திருகாணி, ரப்பர் என்று செருகி அதைத் தாளவாத்தியமாக்கியது கேஜின் கைவரிசை என்று புத்தகங்கள் சொல்லும். 1940 வாக்கில், நடன மேடையில் தாளக் கருவிகள் வைக்க இடமில்லாமல் செய்த தந்திரம் அது. ஆனால் 1914இலேயே ஒரு பிரெஞ்சுக்காரர் பியானோவின் கீழ்ஸ்தாயித் தந்திக்கு அடியில் அட்டைத்துண்டு வைக்கச் சொல்லி எழுதியிருக்கிறார்! மோரிஸ் டெலாஜ், ராவெலின் மாணவர். 1912இல் இந்தியா வந்தவர், கோயம்புத்தூர் தாயி என்ற பாடகியின் குரலில் சொக்கிப்போனார். பாரிஸுக்குத் திரும்பியும் அந்தக் குரல் விடவில்லை. தாயியின் கிராமபோன் தட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு, அதைக் குரலுக்கும் பியானோவுக்குமாக எழுதினார். பெயர் ‘ராகமாலிகா’. ‘தமிழ்ப் பாட்டு’ என்று பிரெஞ்சில் அடியில் போட்டும் அச்சிட்டார். அட்டை வைத்த அந்தத் தந்தி, என் காதுக்கு, மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் மாதிரியேதான் விழுகிறது.

தாயி 1872இல் பிறந்தார், 1917இல் போய்விட்டார். அந்தக் காலத்துத் தட்டு ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிஷம்தான் ஓடும். அதற்குள் ஆலாபனை, பல்லவி, சங்கதி எல்லாம் ஒரே ஓட்டம். கரகரப்புக்கு நடுவே ஒரு பிருகா மின்னி மறைவதைக் கேளுங்கள், டெலாஜ் ஏன் அட்டையைத் தேடி ஓடினார் என்று புரியும். பாரிஸ்வரை போன அந்தக் குரலின் பெயரைக் கோவையிலேயே எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்?

மூச்சு வாங்குகிறதா? இன்னும் இருக்கிறது. மெக்சிகோ நகரில் கான்லன் நான்கரோ என்றொருவர், மனிதக் கை வாசிக்கவே முடியாத இசையை, தானியங்கிப் பியானோவின் காகிதச் சுருளில் ஒவ்வொரு துளையாகக் கையால் குத்திக்குத்தி எழுதினார். சில நிமிஷ இசைக்கு மாதக்கணக்கில் துளை. ஒருநாள் வீட்டில் போட்டேன். அம்மா அடுக்களையிலிருந்து ஓடிவந்து, “என்னடா, பாத்திரமெல்லாம் உருண்டுடுச்சா?” என்றார். எத்தியோப்பியாவில் பிறந்த ஒரு கன்னியாஸ்திரி, எமஹோய் செகே-மரியம், ஜெருசலேம் மடத்தில் இருந்தபடி பியானோவுக்கு இசையெழுதி 2023இல் 99 வயதில் மறைந்தார். நள்ளிரவில் அவரைக் கேளுங்கள், அதற்குமேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. ‘டாக்டர் ஹூ’ என்கிற பிரிட்டிஷ் டிவி தொடரின் முகப்பிசையை 1963இல் ஒலிநாடாவை பிளேடால் வெட்டி வெட்டி ஒட்டியே உருவாக்கிய டெலியா டெர்பிஷயரின் பெயர், அந்தத் தொடரின் திரையில் வந்தது எப்போது தெரியுமா? 2013இல்! அவர் இறந்து 12 வருஷம் ஆகியிருந்தது.

பதிவான மனிதக் குரலில் நாம் கேட்க முடிந்த மிகப் பழையவற்றில் ஒன்று 1860ஆம் ஆண்டுப் பாட்டு. எடிசன் குரலைப் பதிவுசெய்ததற்கு 17 வருஷம் முன்னால்! எட்வார்-லெயோன் ஸ்காட் என்ற பாரிஸ்காரர் விளக்குக்கரி பூசிய காகிதத்தில் குரலின் அதிர்வைக் கோடாகக் கீறவைத்தார். அதைத் திரும்பக் கேட்கலாம் என்ற எண்ணமே அவருக்கு இல்லை, கண்ணால் பார்க்கத்தான் செய்தார். 2008இல் கலிபோர்னியாவில் அந்தக் கோட்டைக் கணினி படித்துக்காட்டியது. சின்னப் பெண் பாடுவதுபோல இருந்தது, கேட்டவர்கள் உருகினார்கள். அப்புறம்தான் வேகம் இரண்டு மடங்காகிவிட்டது தெரிந்தது. சரிசெய்து போட்டால், ஆம்பிளைக் குரல். பெரும்பாலும் ஸ்காட்டே தடவித் தடவிப் பாடியிருக்கிறார்!

காகிதம் போகட்டும், கல்? புதுக்கோட்டைப் பக்கம் குடுமியான்மலைக்குப் போங்கள். குடைவரைக் கோயிலை ஒட்டிய பாறையில், ஏறக்குறைய ஏழாம் நூற்றாண்டில், பல்லவ கிரந்தத்தில், ஏழு ராகங்களுக்கு ஸ்வரக் குறிப்பையே வெட்டி வைத்திருக்கிறார்கள். ஸ்வரங்கள் நான்கு நான்காகக் கட்டம் கட்டி நிற்கின்றன. ச என்று மட்டும் இருக்காது. சி, சு, செ என்றும் வரும். ர, ரி, ரு, ரெ அதேபோல. அந்த நான்கு உயிரெழுத்தும் சுருதி வேறுபாடா, வீணையில் விரல் வைக்கும் முறையா என்று அறிஞர்கள் நூறு வருஷமாக வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். கீழே தமிழில் ஒரு வரி, இவை எட்டுக்கும் ஏழுக்கும் உரியவை என்கிறது. எட்டு என்ன, ஏழு என்ன என்று வெட்டியவர் சொல்லவில்லை.